ஏழு மீட்டர் அலையும் இரண்டரை மீட்டர் காரும்

காரின் கதவில் பொருத்தப்படும் ஒலிபெருக்கி மின்சாரத்தைக் காற்றின் அசைவாக மாற்றுகிறது. அதன் முதுகில் வளைய வடிவக் காந்தம் ஒன்று இருக்கும். காந்தத்தின் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில், எதன் மீதும் உரசாமல் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று தொங்கும். கடைக்காரர்கள் 'வாய்ஸ் காயில்' என்பது இதைத்தான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்னோட்டம் சுருளில் பாயும்போது காந்தப்புலம் அதை முன்னே தள்ளுகிறது. மின்னோட்டம் திசை மாறினால் பின்னே இழுக்கிறது. சுருளோடு ஒட்டியிருக்கும் கூம்பும் கூடவே போய்வருகிறது. கூம்பின் விளிம்பில் ரப்பர் வளையம், கழுத்தில் மடிப்பு மடிப்பான துணி. சுருளை நேர்க்கோட்டில் வைத்திருப்பதும், போன கூம்பைத் திரும்பக் கொண்டுவருவதும் இவற்றின் வேலை. 1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் இந்த அமைப்பை விவரித்து எழுதினார்கள். காந்தமும் கூம்பின் பொருளும் மாறினவே தவிர, இன்றைய ஆறரை இன்ச் கதவு ஸ்பீக்கரின் அடிப்படை அதுவேதான்.

கூம்பு முன்னே வரும்போது எதிரிலுள்ள காற்று நெருங்குகிறது; பின்வாங்கும்போது விரிகிறது. இந்த நெருக்கமும் விரிவுமே ஒலி அலையாகப் பயணம் செய்கின்றன, காற்று பயணம் செய்வதில்லை. காலை நேரத்துத் தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் வாசலில் ஒருவர் தள்ளினால் அந்தத் தள்ளு பெட்டியின் மறுகோடி வரை போய்ச் சேரும், ஆனால் யாரும் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்திருக்க மாட்டார்கள். காற்றின் மூலக்கூறுகளுக்கும் அதே நிலைதான். 94 டெசிபல் என்பது காதுக்குப் பலத்த ஒலி. 1,000 ஹெர்ட்ஸில் அவ்வளவு ஒலிக்கும்போதும் காற்று தன் இடத்திலிருந்து அசைவது ஒரு மைக்ரானில் ஏறத்தாழப் பாதிதான்.

அந்தத் தள்ளு எவ்வளவு வேகத்தில் போகும் என்பதைச் சென்னையிலேயே அளந்திருக்கிறார்கள், அதுவும் இருநூறு ஆண்டுகளுக்கு முன். கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் நுங்கம்பாக்கத்திலிருந்த மதராஸ் வான்காணகத்தில் இருந்தபடி 1820, 1821 ஆண்டுகளில் இந்த ஆய்வை நடத்தினார். ஒரு பீரங்கி புனித ஜார்ஜ் கோட்டையில் வெடித்தது, மற்றொன்று பரங்கிமலையில். பரங்கிமலை வான்காணகத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர். வெடியின் மின்னலைக் கண்ட நொடிக்கும் ஓசை காதில் விழுந்த நொடிக்கும் இடையே இருபத்தைந்து விநாடிக்கு மேல் கடந்துவிடும். வெப்பமானி, பாரமானி, ஈரப்பதமானி, காற்றின் திசை எல்லாவற்றையும் ஒவ்வொரு வெடிக்கும் குறித்துக்கொண்டார். 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் முடிவுகள் வெளிவந்தன. மாதச் சராசரிகள் குளிர்காலத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 1,100 அடியும், ஜூலையில் 1,160 அடிக்கு மேலும் இருந்தன. இவ்வளவு இடைவெளிக்கு வெப்பம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர்தான் கூடும். சென்னையின் டிசம்பருக்கும் ஜூலைக்கும் முப்பது டிகிரி வித்தியாசம் கிடையாது. மீதியில் பருவக்காற்றுக்குப் பங்கு உண்டு. காற்று ஒலியோடு சேர்ந்து வீசினால் வேகம் கூடும், எதிர்த்து வீசினால் குறையும்.

பரங்கிமலையைக் கடந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று போகும் ஜி.எஸ்.டி. சாலையில் இன்று ஓடும் கார்களுக்குள்ளும் அதே வேகம்தான். 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர். வெயில் காலத்து 35 டிகிரியில் 352. இந்த வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 10,000 ஹெர்ட்ஸில், அதாவது ஜால்ராவின் கூர்மையான ஓசையில், அலைநீளம் 3.5 சென்டிமீட்டர். 1,000 ஹெர்ட்ஸில் 35 சென்டிமீட்டர். சினிமாப் பாட்டின் பாஸ் டிரம் அடிக்கும் 50 ஹெர்ட்ஸில் 7 மீட்டர். ஆனால் ஒரு சிறிய காரின் உட்புறம் டேஷ்போர்டிலிருந்து பின்கண்ணாடி வரை ஏறத்தாழ இரண்டரை மீட்டர்தான். கார் ஆடியோவின் விசித்திரங்கள் பெரும்பாலும் இந்த ஓர் அளவு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

பாதி அலைகூட உள்ளே அடங்காத அதிர்வெண்களில், அதாவது சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, காருக்குள் ஒலி அலையாகப் பயணம் செய்கிறது என்று சொல்வதே அவ்வளவு சரியில்லை. கூம்பு முன்னே வரும்போது முழு உட்புறத்தின் காற்றழுத்தமும் ஒரே நேரத்தில் ஏறுகிறது, பின்னே போகும்போது இறங்குகிறது. ஓர் ஆறரை இன்ச் ஸ்பீக்கரின் கூம்புப் பரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர். அது முன்னும் பின்னும் 5 மில்லிமீட்டர் அசைந்தால் ஒவ்வொரு பக்கமும் 65 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும். மூன்று கன மீட்டர் உட்புறமுள்ள, முழுதாக மூடிய காரில் அது அழுத்தத்தைச் சுமார் 3 பாஸ்கல் உயர்த்தும். வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்குச் சற்று மேல். அதில் 3 என்பது ஒன்றுமேயில்லை. காதுக்கோ அது 100 டெசிபல். அதே ஸ்பீக்கரைப் பெட்டியில் அடைத்துத் திறந்த மைதானத்தில் தரைக்கு மேல் உயரத் தூக்கி வைத்து, 30 ஹெர்ட்ஸில் அதே 5 மில்லிமீட்டர் அசைத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 78 டெசிபல்தான் வரும்.

இருபத்திரண்டு டெசிபல் வித்தியாசம் என்பது தாளில் தெரிவதைவிடக் காதில் மிகப் பெரியது. ஆய்வாளர்கள் ஹார்வி ஃபிளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933-இல் காட்டியபடி மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 30 ஹெர்ட்ஸில் 60 டெசிபல் வரை வந்தால்தான் ஏதோ கேட்பதாகவே தெரியும். அதனால் மைதானத்தில் வெறும் முணுமுணுப்பாக இருக்கும் பாஸ், கதவை மூடிய காரில் நெஞ்சுக்கூட்டை அதிர வைக்கிறது.

தாழ்ந்த ஓசைக்கென்றே உள்ள சப்வூஃபருக்குப் பெட்டி வாங்குவோர் பொதுவாகக் கவனிக்காத ஓர் இணக்கமும் இங்கே இருக்கிறது. துளையில்லாத மூடிய பெட்டியில் வைத்த சப்வூஃபரின் ஒலி, அதன் ஒத்ததிர்வுக்குக் கீழே ஒரு ஸ்தாயி இறங்கினால், அதாவது அதிர்வெண் பாதியானால், 12 டெசிபல் குறையும். மூடிய காரின் உட்புறமோ, கொள்கையளவில், ஒரு ஸ்தாயிக்கு அதே 12 டெசிபல் கூட்டித் தரும். ஒன்றின் சரிவை மற்றொன்று நிரப்பிவிடுகிறது. உண்மையான காரில் கதவிடுக்குகள் கசியும், கூரைத் தகடு நெளியும், ஆகவே கிடைப்பது அவ்வளவு இராது. இருந்தாலும் சிறிய காருக்கு மூடிய பெட்டியே பொருத்தம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. துளை வைத்த பெட்டி வேறு வகை. பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில், துளைக்குள் இருக்கும் காற்று தானே ஒத்ததிர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைச் சுற்றி ஒலியைக் கூட்டும். பெட்டியின் கொள்ளளவையும் துளையின் நீளத்தையும் கணக்கிட்டுச் செய்யும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவருக்குப் பின் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்துத் தந்தார்கள். கணக்கில்லாமல் செய்த துளைப்பெட்டி எந்தப் பாட்டுக்கும் ஒரே 'தும்' என்றே அடிக்கும்.

கூம்பு முன்பக்கம் காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்பக்கம் விரிக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். கார் கதவின் உள்தகட்டில் கண்ணாடி இயக்கிக்கும் பூட்டுக்கும் கம்பிக்குமாகப் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும், அவற்றின் வழியாகப் பின்பக்கத்து அழுத்தம் முன்னே வந்து சேரும். புது ஸ்பீக்கர் போட்டும் பாஸ் வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஓட்டைகளை அடைத்து, தகட்டின் மேல் அலுமினியம் பூசிய பியூட்டில் ஷீட்டை ஒட்டும் 'டேம்பிங்' வேலைக்குச் செலவிடும் பணம், அதே தொகைக்கு வாங்கும் கூடுதல் வாட்டைவிடப் பயன் தரும். ஓட்டை அடைபடுவதோடு தகட்டின் நடுக்கமும் அடங்குகிறது. அழிவின் இன்னொரு வடிவம் கம்பி இணைப்பில் நேர்வது. ஒரு கதவில் நேர், எதிர் முனைகள் மாறிவிட்டால் வலது கூம்பு வரும்போது இடது கூம்பு போகும். பாஸ் காணாமல் போகும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சாதாரண ஒன்றரை வோல்ட் பேட்டரியை முனைகளில் ஒரு கணம் தொட்டு, கூம்பு வெளியே குதிக்கிறதா உள்ளே போகிறதா என்று பார்த்துவிடுவார்கள்.

70 ஹெர்ட்ஸுக்கு மேலே அலைகள் காருக்குள் அடங்கத் தொடங்குகின்றன, தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடிகளுக்கிடையே மோதித் திரும்பும் அலைகள் தம்மோடு தாமே சேர்ந்து, சில இடங்களில் ஒலியைக் கூட்டும், சில இடங்களில் விழுங்கும். முன்சீட்டில் கேட்கும் மிருதங்கத்தின் தொப்பியும் பின்சீட்டில் கேட்பதும் வேறு வேறாக இருப்பது இதனால்தான்.

இந்தியக் கார்களில் ஓட்டுநர் வலது புறம் உட்காருகிறார். வலது கதவு ஸ்பீக்கர் அவர் தலையிலிருந்து ஏறத்தாழ 80 சென்டிமீட்டர், இடது கதவினுடையது 140. இந்த 60 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு 1.7 மில்லி விநாடி ஆகிறது. தலையின் இரு காதுகளுக்கிடையே இயல்பாக ஏற்படும் அதிகபட்சத் தாமதம் 0.7 மில்லி விநாடிக்குள்தான். ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூளை அதைக்கொண்டும் கணிக்கிறது. முதலில் வரும் ஒலியின் திசையையே காது ஏற்றுக்கொள்ளும் என்று ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் விளக்கினார். எனவே பாடகர் டேஷ்போர்டின் நடுவில் நிற்காமல் ஓட்டுநரின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறார். மேலும் 60 சென்டிமீட்டர் என்பது சுமார் 290 ஹெர்ட்ஸின் பாதி அலைநீளம். இரு கதவுகளிலும் ஒன்றாக வரும் அந்த அதிர்வெண், பாடும் குரல்கள் சாதாரணமாகத் தொடும் அந்த இடம், ஓட்டுநரின் தலையருகே பாதி அழிந்து மெலிகிறது. டிஜிட்டல் செயலி உள்ள கார் ஸ்டீரியோக்களில் வலது ஸ்பீக்கரை அந்த 1.7 மில்லி விநாடிக்குத் தாமதப்படுத்தலாம். பக்கத்துச் சீட்டில் இருப்பவருக்கு இதனால் நிலைமை முன்னைவிட மோசமாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உயர் அதிர்வெண்களில் சிக்கல் கூம்பின் அளவிலேயே இருக்கிறது. அலைநீளம் கூம்பின் விட்டத்தைவிடச் சிறியதானால் ஒலி பரவாமல் நேர் எதிரே குவியும். ஆறரை இன்ச் கூம்புக்கு இது சுமார் 2,500 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. கதவின் அடியிலுள்ள ஸ்பீக்கருக்கு நேர் எதிரே இருப்பது கால்கள். அதனால்தான் உயர் அதிர்வெண்களுக்கான ஓர் இன்ச் ட்வீட்டர் தனியாகப் பிரிந்து முன்கண்ணாடித் தூணில் ஏறி உட்கார்ந்தது.

இனி வாட் கணக்கு. பல கார் ஸ்டீரியோக்களின் அட்டைப்பெட்டியில் '50×4 வாட்' என்றிருக்கும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4-ஐ அதே எண்ணால் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 52 வரும். அட்டைப்பெட்டியின் 50 அங்கிருந்து வந்தது. ஆனால் அது சதுர அலைக்கான கணக்கு, அதாவது முற்றிலும் சிதைந்த ஒலிக்கானது. சிதையாத ஒலிக்கு உச்சவரம்பு 26 வாட். நடைமுறையில் இருபதை ஒட்டி நிற்கும். தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படுவது இதனாலேயே: அதற்குள் இருக்கும் மாற்றிச் சுற்று 14.4 வோல்ட்டைப் பல மடங்கு உயர்த்திக்கொள்கிறது.

அப்படி உயர்த்திக் கொடுத்த மின்சாரத்தில் ஒலியாவது சாதாரண ஸ்பீக்கரில் நூற்றுக்கு ஒன்று அல்லது அதையொட்டி. மீதி சுருளில் வெப்பமாகிறது. வெயிலில் நின்ற காரின் கதவு ஏற்கெனவே கொதித்திருக்கும். செப்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும். சுருள் 200 டிகிரியை எட்டினால் மின்தடை 1.7 மடங்காகி, அதற்கேற்ப உள்ளே வரும் மின்திறன் குறையும். சத்தத்தை மேலும் கூட்டத் திருகும் கை அப்போது கூட்டுவது பெரும்பாலும் வெப்பத்தைத்தான்.

காருக்குள் உண்டான ஒலி முழுவதும் உள்ளேயே தங்குவதில்லை. கண்ணாடியும் தகடும் ஒலியைத் தடுக்கும் திறன், அதிர்வெண் இரட்டிப்பாகும்போது சுமார் 6 டெசிபல் கூடும். பாடகரின் குரலையும் ஜால்ராவையும் தடுத்துவிடும் கண்ணாடி பாஸை மட்டும் வெளியே விட்டுவிடுகிறது. சேலையூரிலோ மேடவாக்கத்திலோ இரவில் தெருவில் போகும் காரிலிருந்து பாட்டு எதுவென்று தெரியாமல் 'தும் தும்' மட்டும் கேட்பதன் காரணம் இதுதான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் அந்த அளவு, காதின் உணர்திறனுக்கேற்பத் திருத்திய டெசிபலில் எடுக்கப்படுவது. 30 ஹெர்ட்ஸுக்கு அதில் சுமார் 40 டெசிபல் கழிந்துவிடும். ஜன்னல் சட்டத்தை அதிரவைக்கும் 80 டெசிபல் பாஸை மட்டும் தனியாக அளந்தால் கருவி 40 என்றே காட்டும், அது இரவு வரம்புக்கும் கீழே.