நீதிமன்றத்தில் பேசியதை எழுதுவது யார்? அதற்கு யார் விலை குறிப்பது?

சில வருடங்களுக்கு முன்னர் நான் கற்பித்த ஒரு பாடசாலையில் ஆசிரியர் ஒருவருக்கு எதிராக ஆரம்ப விசாரணை நடந்தது. விசாரிக்க வந்த அதிகாரிக்குக் குறிப்பெடுக்க ஒருவர் தேவைப்பட்டார். "இவருடைய கையெழுத்து நல்லம்" என்று அதிபர் என்னைக் காட்டிவிட்டார். மூன்று மணி நேரம் பேசினார்கள். முடிந்தபோது என்னிடம் இருந்தது இரண்டரைப் பக்கம்.

முடிவு வந்தது. அந்த ஆசிரியரின் சம்பள ஏற்றம் பிற்போடப்பட்டது. ஒருநாள் இடைவேளையில் அவர் என்னிடம் வந்து, "சேர், நான் வகுப்பில இருக்கல்ல என்று மட்டும்தானே எழுதியிருக்கிறீங்க. அதிபர் கூப்பிட்டுத்தான் போனேன் என்று சொன்னேனே, அது எங்க?" என்று கேட்டார். அவர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருந்தது. முந்திய வசனத்தை எழுதி முடிப்பதற்குள் அடுத்த வசனம் கடந்துபோயிருந்தது. தீர்மானம் எடுத்த மேலதிகாரி அந்த அறையில் இருக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது என்னுடைய இரண்டரைப் பக்கம் மட்டும்.

நீதிமன்றங்களிலும் இதே நிலைதான். மேன்முறையீட்டை விசாரிக்கும் நீதிபதிகள் பொதுவாக சாட்சியை நேரில் காண்பதில்லை. கீழ் நீதிமன்றத்தில் எழுதப்பட்ட பதிவையே வாசிக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பதிவை எழுதுபவர் யார், அவருக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பது சாதாரண கேள்வியல்ல. அமெரிக்காவில் உள்ளூராட்சி நிறுவனங்கள் இந்த வேலைக்கு டெண்டர் கோருகின்றன. அந்த டெண்டர் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால், ஒரு வழக்கின் பதிவில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

எதற்காக டெண்டர்?

அமெரிக்காவில் 'கவுண்டி' என்பது எமது மாவட்டத்துக்கு ஓரளவு ஒப்பான பிரிவு. ஆனால் அதற்கு மக்களால் தெரிவு செய்யப்பட்ட சபை உண்டு. அது வரி அறவிடும், ஆட்களை வேலைக்கு எடுக்கும், வேலையிலிருந்து நீக்கும், வழக்குத் தொடுக்கும், தனக்கெதிரான வழக்குகளில் எதிராளியாகவும் நிற்கும். வீதி திருத்துவதற்கும் குப்பை அகற்றுவதற்கும் விலைமனுக் கோருவது போலவே, நீதிமன்றச் சுருக்கெழுத்துச் சேவைக்கும் அது விலைமனுக் கோருகிறது.

இந்தச் சேவை நீதிமன்ற மண்டபத்துக்குள் மட்டும் தேவைப்படுவதல்ல. அங்கு வழக்கு விளக்கத்துக்கு முன்பே இரு தரப்புச் சட்டத்தரணிகளும் சாட்சிகளை ஓர் அலுவலகத்தில் அமர்த்தி, சத்தியத்தின் மேல் கேள்வி கேட்பார்கள். அங்கே நீதிபதி இருப்பதில்லை. பெரும்பாலும் சுருக்கெழுத்தாளரே சத்தியம் செய்விப்பார். வேலைநீக்கம் செய்யப்பட்ட ஊழியரின் மேன்முறையீடு, கட்டட அனுமதி பற்றிய பகிரங்க விசாரணை போன்றவற்றுக்கும் அவர் தேவை.

அவர் பயன்படுத்தும் இயந்திரம் எமது தட்டச்சு இயந்திரம் போன்றதல்ல. அதில் 22 விசைகளே உள்ளன. ஹார்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது போல, பல விசைகளை ஒரேயடியாக அழுத்தி ஓர் அசையை அல்லது ஒரு சொல்லைப் பதிவார். அங்குள்ள தேசிய மட்டத் தொழில்சார் சான்றிதழைப் பெற, கேள்வி-பதில் பகுதியை நிமிடத்துக்கு 225 சொற்கள் வேகத்தில் 95 சதவீதத் திருத்தத்துடன் எழுத வேண்டும். அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய நான்கு சொற்கள். பின்னர் அதனை வாசிக்கக்கூடிய பிரதியாக மாற்றி, இது சரியான பதிவு என்று கையொப்பமிட்டுச் சான்றுப்படுத்துவார்.

பக்கத்துக்கு எவ்வளவு?

கட்டணம் பெரும்பாலும் பக்கக் கணக்கில் அறவிடப்படுகிறது. சமுகமளிப்பதற்கு ஒரு தொகை, மூலப்பிரதிக்குப் பக்கத்துக்கு ஒரு விலை, மேலதிகப் பிரதிக்கு இன்னொரு விலை, அவசரமாக வேண்டுமென்றால் அதைவிடக் கூடிய விலை என்று விலைமனுப் படிவத்தில் தனித்தனி நிரல்கள் இருக்கும்.

பக்கத்துக்கு விலை என்றால், பக்கம் என்றால் என்ன என்பதையும் வரையறுக்க வேண்டும். அமெரிக்க சமஷ்டி நீதிமன்றங்களில் ஒரு பக்கத்துக்கு 25 வரிகள் என்பது விதி. 5,000 வரிகள் கொண்ட சாட்சியம் அந்தக் கணக்கில் 200 பக்கம். யாராவது எழுத்தைப் பெருப்பித்துப் பக்கத்துக்கு 20 வரி போட்டால் அதே சாட்சியம் 250 பக்கமாகிவிடும். குறைந்த விலைக்கு டெண்டரை எடுத்துவிட்டுப் பக்கத்தைக் கூட்டிச் சம்பாதிக்க இடமிருக்கக் கூடாது என்பதற்காகவே வரி எண்ணிக்கையையும் ஓரத்தின் அகலத்தையும்கூட விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைவிடக் கவனிக்க வேண்டிய விடயம் மேலதிகப் பிரதியின் விலை. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 'அ' நிறுவனம் மூலப்பிரதிக்குப் பக்கத்துக்கு 4 டொலர், மேலதிகப் பிரதிக்கு 1 டொலர் கேட்கிறது. 'ஆ' நிறுவனம் மூலப்பிரதிக்கு 2 டொலர், மேலதிகப் பிரதிக்கு 3 டொலர் கேட்கிறது. கவுண்டிக்கு 200 பக்க மூலப்பிரதி வேண்டும். 'அ' வுக்கு 800 டொலர், 'ஆ' வுக்கு 400 டொலர். மலிவு என்று 'ஆ' வுக்கு டெண்டரைக் கொடுத்தாயிற்று.

கவுண்டியால் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஓர் ஊழியர் எதிர்த்தரப்பில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஒரு பிரதி வேண்டும். 'அ' வந்திருந்தால் 200 டொலர் கொடுத்திருப்பார். இப்போது 600 டொலர் கொடுக்க வேண்டும். மொத்தச் செலவு இரண்டிலும் 1,000 டொலர்தான். கவுண்டி மிச்சம் பிடித்த 400 டொலர் வேலையிழந்த மனிதரின் தலையில் ஏறியிருக்கிறது. டெண்டர் சபையின் கடதாசியில் அது சேமிப்பாகத் தெரியும்.

பொதுப் பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது தேவைதான். மேசை கதிரை வாங்குவதற்குக் குறைந்த விலை என்பது நியாயமான அளவுகோல். ஆனால் இங்கே வாங்கப்படும் பொருளை இரண்டு தரப்பாரும் பாவிக்கிறார்கள், விலையைத் தீர்மானிப்பவர் ஒரு தரப்பார் மட்டுமே. ஆகவே டெண்டரை மதிப்பிடும்போது மேலதிகப் பிரதியின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், அல்லது இரு தரப்புக்கும் ஒரே நிபந்தனை என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

நடுநிலை பற்றியும் ஒரு விதி உண்டு. அமெரிக்க சமஷ்டி சிவில் நடவடிக்கை விதிகளின்படி, ஒரு தரப்பாரின் உறவினரோ ஊழியரோ சட்டத்தரணியோ, வழக்கில் பண நலன் உள்ளவரோ சாட்சியின் வாக்குமூலத்தைப் பெறும் அலுவலராக இருக்க முடியாது. தொடர்ந்து ஒரே கவுண்டியின் ஒப்பந்தத்தில் வாழும் நிறுவனம் ஊழியர் அல்ல என்பது உண்மை. ஆனாலும் அடுத்த வருடமும் அந்த ஒப்பந்தம் வேண்டும் என்ற நினைப்பு அதற்கு இருக்கும். நீண்டகால ஒப்பந்தங்கள் பற்றி அந்தத் தொழிலுக்குள்ளேயே விவாதம் நடப்பது இதனால்தான்.

பதிவு இல்லாதவருக்கு என்ன நடக்கும்?

1956 இல் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றத்துக்கு இலினோய் மாநிலத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. ஆயுதக் கொள்ளைக்காகத் தண்டிக்கப்பட்ட இருவர் மேன்முறையீடு செய்ய விரும்பினர். முழுமையாக மேன்முறையீடு செய்ய வழக்கின் எழுத்துப் பிரதி தேவை. அதை வாங்க அவர்களிடம் பணமில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்ட ஏழைகளுக்கு மட்டுமே அந்த மாநிலம் இலவசமாகப் பிரதி வழங்கியது. பணமுள்ளவருக்கு மேன்முறையீடு, இல்லாதவருக்கு இல்லை என்ற இந்த நிலை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்த்தது. மேன்முறையீட்டுக்குப் போதுமான பதிவை ஏழைகளுக்கும் ஏதோவொரு வழியில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றானது.

அது குற்றவியல் வழக்கு. சிவில் வழக்குகளில் பிரச்சினை தொடர்ந்தது. கலிபோர்னியாவின் சன் டியாகோ நீதிமன்றம் வரவுசெலவுத் திட்ட நெருக்கடியால் சிவில் வழக்குகளுக்குத் தன்னுடைய சுருக்கெழுத்தாளரை வழங்குவதை நிறுத்தியது. தேவையானவர் சொந்தப் பணத்தில் தனியாரிடமிருந்து ஒருவரை அழைத்து வரலாம் என்றது. மருத்துவர் ஒருவரின் கவனயீனம் என்று கூறிக் கைதி ஒருவர் தொடுத்த வழக்கு அங்கே விளக்கத்துக்கு வந்தது. அவருக்கு வசதியில்லை என்று நீதிமன்றமே ஏற்று, கட்டணத்திலிருந்து விலக்கும் அளித்திருந்தது. ஆயினும் எழுத ஆளில்லை. வழக்கு ஆரம்பக் கட்டத்திலேயே தள்ளுபடியானது. மேன்முறையீட்டில், பதிவு இல்லாததால் எதையும் பரிசீலிக்க முடியாது என்று கூறிவிட்டார்கள். கீழ் நீதிபதி செய்தது சரியா பிழையா என்ற கேள்விக்கே போக முடியவில்லை. 2018 இல் அம்மாநிலத்தின் உயர் நீதிமன்றம் இதை மாற்றியது. கட்டண விலக்குப் பெற்றவர் கேட்டால், வழக்கைப் பதிய ஒருவரை நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது.

ஒலிப்பதிவுக் கருவியை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அலாஸ்கா மாநிலம் 1960 முதல் தன் நீதிமன்றங்களில் அதைத்தான் செய்கிறது. சுருக்கெழுத்தாளர்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட நிலையில், 2024 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றமும் குடும்ப வழக்குகள் போன்ற சிலவற்றில், அடிப்படை உரிமை சம்பந்தப்பட்டு எழுத ஆள் கிடைக்காத போது ஒலிப்பதிவுக்கு இடமளித்தது. ஒன்றுமே இல்லாததைவிட இது மேல். ஆனால் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கருவி தடுத்து நிறுத்தாது. "ஒருவர் ஒருவராகப் பேசுங்கள்", "தலையாட்ட வேண்டாம், வாயால் சொல்லுங்கள்" என்று கேட்க ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

எமக்கு இதில் என்ன?

எமது நாட்டில் பிரதேச சபையோ மாநகர சபையோ இதற்கு டெண்டர் கோருவதில்லை. நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் அரச ஊழியர். இருந்தாலும் பதிவில் எவ்வளவு தங்கியிருக்கிறதோ அது இங்கும் அப்படியே. எமக்கு அதற்கு மேல் மொழிப் பிரச்சினையும் சேர்கிறது.

அமெரிக்காவில் ஆங்கிலம் தெரியாத சாட்சி மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினால், சுருக்கெழுத்தாளர் பொதுவாக மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலத்தையே எழுதுகிறார். சாட்சியின் சொந்தச் சொல் பதிவில் வராது. வடக்கு, கிழக்குக்கு வெளியே வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு இது நன்கு பழக்கமான நிலை. அங்கு நீதிமன்ற மொழி பெரும்பாலும் சிங்களம்.

ஒரு சாட்சி "காக்கா தந்தாரு" என்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். எமது பேச்சில் காக்கா என்றால் கூடப்பிறந்த மூத்த சகோதரராகவும் இருக்கலாம், மரியாதைக்காக அப்படி அழைக்கப்படும் அயல் வீட்டு மனிதராகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பில் அது 'என் அண்ணன் தந்தார்' என்று போனால், காணி வழக்கிலோ கடன் வழக்கிலோ ஒரு புதிய ஆளே உள்ளே வந்துவிடுகிறார். பல வருடங்கள் கழித்து மேன்முறையீட்டில் வாசிப்பவருக்கு அந்தக் குழப்பம் தெரிய வழியில்லை.

இதற்காகவே எமது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை ஓர் உரிமையைத் தந்திருக்கிறது. நீதிமன்றத்தில் பாவிக்கப்படும் மொழி தெரியாத தரப்பாருக்குச் சிங்களத்திலோ தமிழிலோ உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் அரசினால் வழங்கப்பட வேண்டும். சட்டப்படி அவருக்கு உரித்தான பதிவின் எந்தப் பகுதியையும், அல்லது அதன் மொழிபெயர்ப்பையும் அம்மொழியில் பெறும் உரித்து அவருக்கு உண்டு. உரித்து சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டியவர் நாம்.

சாட்சி சொல்லப் போகும் எவருக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். தலையாட்டாதீர்கள், "ஆம்" அல்லது "இல்லை" என்று வாயால் சொல்லுங்கள். "இவ்வளவு பெரிசு" என்று கையால் காட்டாமல் அளவைச் சொல்லுங்கள். 'காக்கா', 'மச்சான்' என்பதோடு நிறுத்தாமல் பெயரையும் உறவையும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பில் பிழை தெரிந்தால் வெளியே வந்து சட்டத்தரணியிடம் முறையிடுவதற்குக் காத்திராமல், அனுமதி கேட்டு அங்கேயே சொல்லுங்கள். அந்தத் திருத்தமும் பதிவில் ஏற வேண்டும். வழக்கு முடிந்ததும் சான்றுப்படுத்திய பிரதியைப் பெற என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். மேன்முறையீட்டுக்குக் காலவரையறை உண்டு என்பதால் இதில் தாமதிக்கக் கூடாது.

பாடசாலை விசாரணை, சங்கக் கூட்டம், பள்ளிவாசல் நிர்வாக சபையின் பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். என்னிடம் இப்போது குறிப்பெடுக்கும் வேலை வந்தால் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறேன். ஒன்று, நான் எழுதி முடிக்கும் வரை அடுத்தவர் பேசக் கூடாது. மற்றது, எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டிய பின்னரே எவரும் கையொப்பமிட வேண்டும். கடைசியாக அப்படிச் செய்தபோது, மூன்று இடங்களில் திருத்தம் சொன்னார்கள். விசாரணை அரை மணி நேரம் நீண்டது. அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. அந்த அரை மணி நேரத்தை நான் முதல் விசாரணையிலேயே கேட்டிருந்தால், அந்த ஆசிரியர் அதிபர் கூப்பிட்டுத்தான் போனேன் என்று சொன்ன வசனமும் கடதாசியில் இருந்திருக்கும்.