காகிதத்தைப் பங்கிட்ட அரசு

சுதந்திர இந்தியாவில் அரசும் பத்திரிகைகளும் உச்ச நீதிமன்றத்தில் மோதிக்கொண்ட முக்கிய வழக்குகள் சில, பக்க எண்ணிக்கை, விற்பனை விலை, காகிதத்தின் மீதான வரி ஆகிய வறண்ட விவகாரங்களில் எழுந்தவை என்பதால் வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளோடு நின்றுவிட்டன. ஆயினும் ஜனநாயகத்தில் ஊடக ஒழுங்குமுறை எந்த வழியாக நுழைகிறது என்பதைத் தணிக்கை ஆணைகளைவிட அவையே தெளிவாகக் காட்டுகின்றன.

இத்தனை பக்கம் தரும் நாளிதழ் இன்ன விலைக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் 1960-இல் வந்த ஆணையும் வரையறுத்தபோது, பெரும் முதலாளிகளின் இதழ்களிடமிருந்து சிறிய நாளிதழ்களைக் காப்பதே நோக்கம் என்றது அரசு. புணேயின் மராத்தி நாளிதழான ‘சகாள்’ தொடுத்த வழக்கில், அரசமைப்பின் 19(2) பிரிவு குறிப்பிடும் காரணங்களுக்காக அன்றிப் பொதுநலன் என்ற பொதுப்பெயரால் பேச்சுரிமையைச் சுருக்க இயலாது என்று கூறி, 1961-இல் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கியது.

அதன் பின்னரும் காகிதம் அரசின் கையில்தான் இருந்தது. பெருமளவு இறக்குமதியை நம்பியிருந்த நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் அச்சிடும் மலிவுக் காகிதம், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின் பெயரால் ஒதுக்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. நாளிதழ்களுக்குப் பத்துப் பக்க உச்சவரம்பு விதித்து, தமக்குக் கிடைத்த ஒதுக்கீட்டிலிருந்தே புதிய இதழ் தொடங்கவும் சில நிறுவனங்களுக்குத் தடைவிதித்த 1972-73 கொள்கையை, பென்னட் கோல்மன் பத்திரிகை நிறுவனம் தொடுத்த வழக்கில் நான்கு நீதிபதிகள் நிராகரித்தனர். சட்டத்தின் நோக்கத்தை விட, உரிமையின் மீது அது நேரடியாக ஏற்படுத்தும் விளைவே அளவுகோல் என்பது அவர்கள் வகுத்த நெறி. மாறுபட்ட ஒரே நீதிபதியான கே.கே. மேத்யூ, பேச்சுரிமை பத்திரிகை உடைமையாளரின் உரிமையாக மட்டும் சுருங்கிவிடலாகாது, பல தரப்புக் குரல்களும் மக்களை எட்ட வேண்டும் என்று வாதிட்டார். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் எவரைப் பத்திரிகை கண்காணிக்க வேண்டுமோ அவரிடமே பத்திரிகையின் மூலப்பொருளை ஒப்படைப்பது அதற்குத் தீர்வாகாது.

இதற்கு நிரூபணம் மூன்று ஆண்டுகளுக்குள் வந்தது. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட 1975 ஜூன் 25 இரவில் டெல்லியின் பகதூர்ஷா ஜாபர் சாலை அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அதன்பின் தணிக்கையுடன், பணியாத நாளிதழ்களுக்கு அரசு விளம்பரங்களை நிறுத்தும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. விளம்பரத்தை மறுப்பதற்குத் தணிக்கை ஆணை வேண்டியதில்லை என்பதால், நெருக்கடிநிலை முடிந்த பின்னும் அந்த ஆயுதம் மழுங்கவில்லை.

காகித ஒதுக்கீடு தாராளமயமாக்கலோடு மறைந்துவிட, மேத்யூ எழுப்பிய கேள்வி மட்டும் எஞ்சியது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014-இல், அச்சு ஊடகமும் தொலைக்காட்சியும் ஒரே கையில் குவிவதற்கு வரம்பு விதிக்குமாறும், அரசிடமிருந்து விலகி நிற்கும் தனி ஒழுங்குமுறை அமைப்பை நிறுவுமாறும், அரசுகளும் அரசியல் கட்சிகளும் ஒளிபரப்பில் நுழைவதைத் தடுக்குமாறும் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தக் கடைசிப் பரிந்துரையின் காரணத்தை விளக்கத் தேவையில்லை. பத்திரிகையின் பக்கங்களை எண்ணிப் பார்க்க ஓர் ஆணையே போதுமென்று கருதிய ஆட்சிமுறையில், ஆட்சியாளர்களையும் உடைமையாளர்களையும் ஒருசேரக் கட்டுப்படுத்தக்கூடிய அந்தப் பரிந்துரைகள் சட்டமாகவில்லை.