பொதி யாருடையது?

அண்மைக் காலமாக வங்கிகளின் சுற்றறிக்கைகளில் ஒரு விலங்கின் பெயர் அடிக்கடி இடம்பெறுகிறது. ‘மியூல் கணக்கு’ என்பது அத்தொடர். மியூல் என்றால் கோவேறு கழுதை. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது. கேதார்நாத் மலைப்பாதையில் யாத்திரிகர்களையும் மூட்டைகளையும் சுமந்து செல்வது இதுவே. கவுன்டரில் இச்சொல்லை விளக்கப் புகுந்தால், கேட்பவர் முதலில் சிரிக்கிறார், அடுத்த நொடியில், “என்னைக் கழுதை என்கிறீர்களா?” என்று முகம் சிவக்கிறார். அவர் கோபம் நியாயமானதே. கழுதை என்னும் சொல்லுக்கு நம் மொழிகள் ஏற்றிவைத்த பாரம் அவ்வளவு.

தமிழில் கழுதை, மலையாளத்தில் கழுத, கன்னடத்தில் கத்தெ, இந்தியில் கதா. பெயர் மாறினும் வசவு மாறுவதில்லை. எனினும் எல்லா வசவும் ஒரே தரத்தன அல்ல. “அடக் கழுதை” என்று பேரனை அணைத்துக்கொள்ளும் பாட்டியிடம் கோபம் ஏது? “ஏழு கழுதை வயதாயிற்று” என்பதில் இருப்பது சலிப்பு. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்பதோ, குறைந்துகொண்டே போகும் எதற்கும் பொருந்தும். வைப்புத்தொகையை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உடைத்துச் செலவிடுவோரைக் காணும்போது எங்களுக்கு இதுவே நினைவுக்கு வரும். மெய்யான கழுதையும் தேய்ந்துதான் வருகிறது: 2012-க்கும் 2019-க்கும் இடையில் நாட்டில் கழுதைகளின் எண்ணிக்கை 61 விழுக்காடு குறைந்து, ஏறத்தாழ 1.2 லட்சமாயிற்று என்கிறது கால்நடைக் கணக்கெடுப்பு.

இந்தி பேசுவோரிடம் ஓர் அழகிய வழக்கு உண்டு. ஒருவன் சுவடின்றி மறைந்தால், ‘கழுதையின் தலையிலிருந்து கொம்பு மறைந்ததைப் போல’ என்பார்கள். இல்லாத கொம்பு எவ்வாறு மறையும் என்று கேட்கலாகாது. இவ்வழக்கு பின்னர் நமக்குப் பயன்படும்.

இவை அனைத்திற்கும் அடியில் பழைய பொருள் ஒன்று உள்ளது. அது மடமை அன்று; சுமப்பது இன்னதென்று அறியாமல் சுமத்தல். சந்தனம் சுமக்கும் கழுதை பாரத்தை அறியும், சந்தனத்தை அறியாது என்னும் உவமை, சுஸ்ருதரின் மருத்துவ நூலிலேயே இருக்கிறது. பொருளுணராமல் நூல்களை மனப்பாடம் செய்வோரைப் பற்றிய உவமை அது. தமிழில் அக்கழுதை குங்குமம் சுமக்கிறது. போதைப்பொருள் கடத்துவோர் தம் சரக்கைப் பிறர் உடலிலும் பெட்டியிலும் ஏற்றி அனுப்பியபோது, சுமந்தவரை ஆங்கிலத்தில் மியூல் என்றனர். இப்போது சரக்கு பணம். சுமப்பது வங்கிக் கணக்கு.

செயல்முறை எளியது. இணையவழி மோசடியில் ஒருவர் இழந்த பணம், நிமிடங்களுக்குள் முன்பின் அறியாத ஒருவரின் கணக்குக்கு வருகிறது. அங்கிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, எங்கோ ஓர் ஏடிஎம்மில் ரொக்கமாகிவிடுகிறது. குற்றவாளியின் பெயர் எந்த ஏட்டிலும் இராது. இருப்பதெல்லாம் நடுவே நின்றவரின் பெயர், ஆதார், பான், கையொப்பம்.

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்த கல்லூரி மாணவன் ஒருவனின் கதையும் அத்தகையதே. நண்பனின் நண்பன் ஒருவன், கணக்கைச் சில மாதங்களுக்கு ‘வாடகைக்கு’க் கேட்டானாம், மாதம் 2,000 ரூபாய். ஏடிஎம் அட்டையையும் சிம் கார்டையும் இவன் கொடுத்துவிட்டான். ஒரே நாளில் அக்கணக்கில் சில லட்சங்கள் வந்து போயின. வேறு மாநிலக் காவல்துறையிடமிருந்து கடிதம் வந்தது, கணக்கு முடக்கப்பட்டது. அவனுடைய கல்வி உதவித்தொகையும் அதே கணக்கில் இருந்தது. கட்டணம் செலுத்த வேண்டிய கடைசி நாளன்று தந்தையும் மகனும் எங்கள் முன் வந்து அமர்ந்தனர். “அவனுக்கு ஒன்றும் தெரியாதுங்க சார்” என்பதையே தந்தை திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் அதை நம்பினோம். ஆனால் முடக்கத்தை நீக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை. கழுதையை எந்தக் காவல் நிலையமும் விசாரணைக்கு அழைப்பதில்லை. கணக்கின் உரிமையாளரை அழைக்கும். வாடகைக்கு எடுத்தவனோ, மேற்சொன்ன கொம்புதான்.

இத்தகைய கணக்குகளை இனங்காண, ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் ‘மியூல்ஹன்டர்’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியுள்ளது. 2024 டிசம்பரில் இது அறிவிக்கப்பட்டது. கருவி கணக்கின் போக்கைப் பார்க்கும். கணக்குக்குரியவர் உள்ளத்தைப் பாராது. எனவே, ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று வந்த செய்தியை நம்பியோ, நண்பருக்கு உதவியாகவோ எவரேனும் கணக்கையோ அட்டையையோ கொடுத்திருந்தால், காவல்துறைக் கடிதம் வரும்வரை காத்திராமல் அன்றே கிளைக்கு வந்துவிடுங்கள். அட்டையை முடக்கி, கைப்பேசி எண்ணை மாற்றி, நடந்ததை எழுத்தில் பதிவு செய்துகொள்வோம். அறியாத பணம் வந்திருந்தால் அதை எடுக்கவும் வேண்டாம். யாரோ கேட்கிறார் என்று நீங்களே திருப்பி அனுப்பவும் வேண்டாம். பணத்தை இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்கலாம்.

அம்மாணவனின் கட்டணத்தைத் தந்தை கடன் வாங்கிச் செலுத்தினார். புறப்படும்போது, கடிதத்தில் இருந்த ‘மியூல்’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டார். எங்களுள் மூத்தவர், “பிறருக்காகச் சுமப்பவர்” என்று மட்டும் சொன்னார்.