நவாஹோ மொழியில் ஒரு குவளைக் காப்பி

அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் வாழும் நவாஹோ மக்களின் மொழியில் "எனக்குக் கொடு" என்பதைப் பெயர்க்கப் புகுவோர் தொடக்கத்திலேயே திகைத்து நிற்பர். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு வினை போதும். நவாஹோ மொழியோ, "எத்தகைய பொருளை?" என்று கேட்கின்றது.

ஆப்பிள் போலத் திரண்ட பொருளாயின் "ஷா நிஆ". பென்சில் போல நீண்டு விறைத்ததாயின் "ஷா நிதீ". தாளும் துணியும் போல மெலிந்து வளைவதாயின் "ஷா நில்ட்சோஸ்". குவளையிலுள்ள காப்பிக்கு "ஷா நிகா". அதே காப்பி பொட்டலமாக இருப்பின் வினை மாறிவிடும். "ஷா" என்பது "எனக்கு". எஞ்சியதெல்லாம் பொருளின் வடிவத்தைப் பொறுத்தது.

இரப்போன் தாழ்ந்தவனாயின் "ஈ", ஒத்தவனாயின் "தா", உயர்ந்தவனாயின் "கொடு" என்று தொல்காப்பியர் வகுத்ததை அன்பர்கள் அறிவர். ஆளின் தரம் பாராது பொருளை மட்டும் நோக்கும் நவாஹோ முறையே எனக்கு உவப்பாகத் தோன்றுகின்றது.

புதுப் பொருள்களுக்கும் அவர்கள் தயங்கவில்லை. மோட்டார் வண்டி "சிதி". பழைய எஞ்சின் எழுப்பிய ஒலியே பெயராயிற்று என்பர். ஆகாய விமானம் "பறக்கும் சிதி". தொலைபேசியோ பேசுதற்குரிய உலோகம்.

இம்மொழியைப் பேசியதற்காக அரசாங்க விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அப்பள்ளிகளில் பயின்ற தலைமுறையையே 1942இல் அமெரிக்க மரீன் படை நாடிற்று. முதலில் சேர்ந்த 29 இளைஞர் தம் தாய்மொழியால் இரகசியக் குறிமொழி ஒன்றை வகுத்தனர். டாங்கி ஆமையாயிற்று, வெடிகுண்டு முட்டையாயிற்று, நீர்மூழ்கிக் கப்பல் இரும்பு மீனாயிற்று. நம் இந்தியாவிற்கு இட்ட பெயர் "வெள்ளை உடை"! 1945இல் இவோ ஜிமா போரில் செய்திகள் இம்மொழியிலேயே பறந்தன. 1968 வரை அக்குறிமொழி இரகசியமாகவே இருந்தமையால், வீடு திரும்பிய வீரர் தம் பிள்ளைகளிடமும் அதனைக் கூற இயலவில்லை.

இப்பொழுது பல நவாஹோ இல்லங்களில் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே காப்பி கேட்கின்றனர். இளைஞரை மீண்டும் ஈர்க்கும் பொருட்டு நவாஹோ அருங்காட்சியகம் முன்னின்று, "ஸ்டார் வார்ஸ்" திரைப்படத்தைத் தம் மொழியில் பேசச் செய்தது. ஐவர் கூடி உரையாடலைப் பெயர்த்தனர். 2013 ஜூலையில், தலைநகரான விண்டோ ராக்கில், முதியோரும் சிறுவரும் ஒருங்கே அமர்ந்து அதனைக் கண்டனர்.