எட்டு எழுத்துக்குள் ஒரு சூறாவளி

மழைக்கால ஆயத்தம் பற்றி ஒரு குடியிருப்பில் பேசிக்கொண்டிருந்தபோது வயதான தாயார் ஒருவர் எழுந்து கேட்டார்: "சுவாமி, உந்தச் சூறாவளியளுக்கு ஆர் பேர் வைக்கிறது? ஒண்டும் வாயில நுழையுதில்லையே!" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடினால், நமது உயிருக்கும் உடைமைக்கும் பயன்படும் ஒரு பாடம் கிடைக்கிறது.

1978ஆம் ஆண்டு கார்த்திகையில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளிக்குப் பெயர் இல்லை. இன்றும் "எழுபத்தெட்டுச் சூறாவளி" என்றே சொல்கிறோம். வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் தோன்றும் சூறாவளிகளுக்குப் பெயரிடும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. இப்போது பயன்படும் பட்டியல் 2020இல் வெளியானது. இலங்கை உட்பட 13 நாடுகள் தலைக்கு 13 பெயர்கள் கொடுத்தன, மொத்தம் 169. இந்தியா கொடுத்தவற்றில் 'முரசு', 'நீர்' என்பனவும் உண்டு. பெயரை வரிசைப்படி எடுத்துச் சூட்டுவது புதுடில்லியிலுள்ள வானிலை மையம்.

பெயர் கொடுக்கும் நாடுகளுக்குச் சில விதிகள் உண்டு. பெயர் எவருடைய மனதையும் புண்படுத்தக்கூடாது. சொல்வதற்கு இலகுவாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது எட்டு எழுத்துக்கு மேற்படக்கூடாது. 'டித்வா', 'புரெவி' ஆகிய இரண்டும் ஆங்கிலத்தில் அவ்வாறு எழுதினால் ஆறு எழுத்துகளே.

சுருக்கமான பெயரால் என்ன பயன்? வானிலைச் செய்தி நமது வானொலிக்கு மட்டும் போவதில்லை. கப்பல்களுக்கும் விமான நிலையங்களுக்கும் போகிறது. விமானங்களுக்கான சூறாவளி அறிவித்தலை உலகில் ஏழு நிலையங்கள் வெளியிடுகின்றன. நமது கடலுக்குப் பொறுப்பானது புதுடில்லி. இந்த அறிவித்தல், நாம் நிரப்பும் விண்ணப்பப் படிவம் போன்றது. பெயருக்கு ஒரு கட்டம், சூறாவளி நிற்கும் இடத்துக்கு ஒன்று, நகரும் திசைக்கு ஒன்று, காற்றின் வேகத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை எழுத்துத்தான் கொள்ளும் என்று அளவு உண்டு.

இது தொலை அச்சுப் பொறிக் காலத்து வழக்கம். அந்தப் பொறியில் பெரிய ஆங்கில எழுத்துகள் மட்டுமே உண்டு. விமான நிலையங்களுக்கிடையிலான செய்தியில் ஒரு வரிக்கு 69 எழுத்து, செய்தியின் உள்ளடக்கத்துக்கு 1800 எழுத்து என்று எல்லை வகுத்தார்கள். கணினி வந்த பின்னரும் இந்த ஒழுங்கு நெடுங்காலம் நீடித்தது. ஏனெனில் ஒரு நாட்டில் எழுதியதை மற்றொரு நாட்டுப் பொறி பிழையின்றி வாசிக்க வேண்டும். நீண்ட பெயர் கட்டத்துக்குள் அடங்காது. வெட்டுப்பட்டால் வேறு பெயராகத் தோன்றும். ஒரே நேரத்தில் கடலில் இரண்டு சூறாவளிகள் இருந்தால் அந்தக் குழப்பம் ஆபத்தானது. ஆகவே பெயர் என்பது மாட்டுக்கு இடும் குறி போன்றது. எது என்று அடையாளம் காட்டும். அதன் குணத்தைச் சொல்லாது.

அன்பான வாசகர்களே, நாம் கவனிக்க வேண்டியது இதுதான். சூறாவளிக்குப் பெயர் கிடைப்பது காற்றின் வேகத்தைக் கொண்டு மாத்திரமே. காற்று மணிக்கு ஏறக்குறைய 63 கிலோமீற்றரை எட்டினால் பெயர் உண்டு. அதற்குக் குறைந்தால் அது வெறும் 'தாழமுக்கம்'. எவ்வளவு மழை கொட்டினாலும் பெயர் கிடையாது.

2024 நவம்பரில் கிழக்கிலங்கையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 26ஆம் திகதி காரைதீவில் உழவு இயந்திரத்தில் வெள்ளத்தைக் கடந்த மத்ரசா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள், பலர் உயிரிழந்தார்கள். அன்று அது பெயரற்ற தாழமுக்கம். 'பெங்கல்' என்ற பெயர் சூட்டப்பட்டது 29ஆம் திகதி. பெயர் வந்தபோது நமக்கு வெள்ளம் வந்து முடிந்திருந்தது.

2025 நவம்பரில் வந்த 'டித்வா'வும் காற்றின் கணக்கில் பெயர் பெறும் சூறாவளிகளில் மிகக் கீழ்ப் படியைச் சேர்ந்தது. ஆயினும் அதன் மழையும் மண்சரிவும் வெள்ளமும் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தன.

ஆகவே "இன்னும் பெயர் வைக்கவில்லை, பயமில்லை" என்று இருந்துவிட வேண்டாம். அறிவித்தலில் பெயருக்குப் பின்னால் வருவதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

முதலாவது, அது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது? இரண்டாவது, எத்தனை மில்லிமீற்றர் மழை? 100 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கர் காணியில் ஏறக்குறைய நான்கு இலட்சம் லீற்றர் நீரைக் கொட்டும். உங்கள் வயலுக்கு மேலே எத்தனை ஏக்கர் நிலம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த நீரும் உங்களை நோக்கியே வரும். மூன்றாவது, மேலே உள்ள குளத்தின் வான்கதவு திறக்கப்படுமா? இதைக் கிராம அலுவலரிடமோ கமக்காரர் அமைப்பிடமோ கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

தறப்பாளின் கீழும் தற்காலிகக் கொட்டிலிலும் இருப்பவர்கள் மற்றவர்களுக்கு முன்னரே புறப்பட வேண்டும். காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே பொலித்தீன் உறையில் கட்டி, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். விதைநெல்லை மேட்டில் ஏற்றுங்கள். மாடுகளை அவிழ்த்து விடுங்கள்.

பெயரை வாயில் நுழைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. மழை எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.