உங்களுக்குத் தெரியுமா? ஒரே சேனல் காலம்

வெள்ளிக்கிழமை மாலை தமிழ்நாடே ‘ஒளியும் ஒலியும்’ திரைப்பாடல் நிகழ்ச்சியைப் பார்த்தது என்பார்கள். பாதி உண்மைதான். அதை ஒளிபரப்பிய சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. தரைவழி ஒளிபரப்பு நூறு கிலோமீட்டரைத் தாண்டுவதே அரிது. எங்கள் தருமபுரியோ சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டர். 1983-இல் இன்சாட்-1பி விண்ணுக்குப் போன பிறகு நாடெங்கும் முளைத்த குறைந்த சக்தி ஒளிபரப்பு நிலையங்களில் பலவும் முதலில் டெல்லி நிகழ்ச்சிகளையே வாங்கித் தந்தன. அவற்றின் அலை சுமார் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்கும், குறுக்கே மலை நின்றால் அதுவும் இல்லை. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைகள் நிறைந்த மாவட்டத்தில் இது சின்ன விஷயமல்ல. ஆக, ‘எல்லாரும்’ என்ற சொல்லுக்குள் தருமபுரி தாமதமாகத்தான் நுழைந்தது. அதற்கு முன்பே இங்கு பொதுவாக இருந்தவை வானொலியும் டூரிங் டாக்கீஸும்.

அப்படியானால் எல்லாரும் கூடிப் பார்த்த காலத்துக்கான ஏக்கம் பொய்யா? 1987-இல் தொடங்கிய இந்தி ‘ராமாயண’த்தை மொழி புரியாதவர்களும் கூடிப் பார்த்தார்களே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் கூட்டத்தைச் சேர்த்ததில் ரசனைக்கு இருந்த அளவு பங்கு பற்றாக்குறைக்கும் உண்டு: தெருவுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சேனல், பிடிக்காவிட்டால் எழுந்து போவதைத் தவிர வேறு வழியில்லை. 1993-இல் சன் டிவி வந்தது. 2006-இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டு நிற்க வேண்டியிருந்தவர்கள் தம் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். திண்ணைக்காரர் இழந்ததை மட்டும் கணக்கில் எடுப்பது நேர்மையாகாது.