விடுதிப் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது யார்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மதுரை மாவட்டத்தின் எழுமலை, உசிலம்பட்டி வட்டாரத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் அரசு விடுதிகளில் சேர்கிறார்கள். பலருக்கு வீட்டைப் பிரிவது அதுதான் முதல் தடவை. சாப்பாடு, பாய், சீருடை, நோட்டு எல்லாம் கணக்கில் வந்துவிடுகின்றன. வராமல் போவது தலைமுடி. அதுவரை அம்மாவோ அப்பத்தாவோ மடியில் இருத்தி எண்ணெய் வைத்து, பேன் பார்த்து, இரட்டைச் சடை பின்னி அனுப்பியிருப்பார்கள். விடுதியில் வார்டன் உண்டு, சமையலர் உண்டு, காவலர் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையின் சிக்கை எடுப்பது இவர்களில் யாருடைய வேலையும் இல்லை. மூத்த வகுப்பு அக்காமார்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பரீட்சை வந்தால் அதுவும் நின்றுவிடும்.

இந்த மண்ணில் விடுதிக்கு நீண்ட கதை உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கள்ளர் சீரமைப்புத் துறையின் பள்ளிகளும் விடுதிகளும் அந்தக் காலகட்டத்தில் வேர்விட்டவை. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. ஆதிதிராவிடர் நலத் துறையின் விடுதிகள் தனியாக உள்ளன. பல தலைமுறைகளைப் படிக்கவைத்த இடங்கள் இவை. ஆனால் விடுதி என்றாலே முதலில் ஒழுங்கு என்கிற பழக்கமும் கூடவே வந்தது. ஒழுங்கு முதலில் கைவைப்பது தலையில்தான்.

பேன் வந்தால் ஒட்ட வெட்டிவிடு என்பது பழைய வைத்தியம். பேன் அழுக்கால் வருவதில்லை, சுத்தமான தலையிலும் வரும். அது பறக்காது, தாவாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து ஏறும். பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிற பிள்ளைகளுக்குத் தொற்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் ஒருமுறை மருந்து போட்டு விட்டுவிட்டால் பத்தாம் நாள் மறுபடி அரிக்கிறது. டாக்டர் சொல்கிற பெர்மெத்ரின் 1% லோஷனைப் போட்டு, ஏழு முதல் பத்து நாளில் திரும்பவும் போட வேண்டும். ஒரே அறையில் இருப்பவர்களுக்கு அதே நாளில் பார்த்துவிட வேண்டும். மண்ணெண்ணெயோ பருத்திக்கு அடிக்கிற மருந்தோ தலைப்பக்கமே வரக்கூடாது. தீக்காயம், விஷம் இரண்டுக்கும் அது வழி.

மருந்தைவிட அதிகம் உழைப்பது பேன் சீப்பு. முடியை நனைத்து, எண்ணெய் தடவி, முதலில் அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கு எடுக்க வேண்டும். பிறகு வகிடு வகிடாகப் பிரித்து, பேன் சீப்பை மண்டைத்தோலில் படியவைத்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். நீளமுடி என்றால் அரைமணி நேரமாவது ஆகும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளை அந்த அரைமணி நேரத்தில்தான் வீட்டு விஷயம் பேசத் தொடங்கும்.

தண்ணீரும் வேண்டும். உசில மரத்து இலையை இடித்த அரப்புத்தூளோ சீயக்காயோ தேய்த்து அலச ஒரு வாளி போதாது. ஞாயிறு காலை அத்தனை பிள்ளைகளும் ஒரே தொட்டியில் வரிசை கட்டினால், எண்ணெய்ப் பிசுக்கோடுதான் திங்கட்கிழமை பள்ளிக்குப் போவார்கள்.

பையன்கள் பாடு வேறு. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட முடி சில தலைகளில் இருக்கும். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் போன்ற கோயில்களுக்கு மாசி சிவராத்திரியன்று வெளியூர்ச் சொந்தமெல்லாம் திரும்பிவரும். நேர்ந்த முடியை அவரவர் சாமி முன்னால்தான் இறக்குவார்கள். 'கிராப் வெட்டு' என்ற ஒரே உத்தரவில் அது தரையில் விழுந்தால், குடும்பத்துக்கு அது முடிவெட்டு அல்ல, வாக்குத் தவறியது. விடுதியில் சேர்க்கும்போதே பெற்றோரிடம் இதைக் கேட்டு ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்ள ஒரு வரி போதும்.

சலூனிலும் சாதி நின்றிருக்கிறது. எழுமலையை ஒட்டிய உத்தபுரத்தில் தலித் குடியிருப்பை மறித்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6-ல்தான் இடிக்கப்பட்டது. அதேபோல் தலித் பிள்ளைக்கு முடிவெட்ட மறுக்கிற வழக்கம் தமிழகத்தில் பல ஊர்களில் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அரசமைப்பு அவையில் 1948 நவம்பரில் அம்பேத்கர், பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவில் வருகிற 'கடை' என்பதில் சேவை தருகிற இடங்களும் அடங்கும் என்று விளக்கினார். 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முடிதிருத்தகத்தைப் பெயர் சொல்லியே கடையில் சேர்த்திருக்கிறது. தீண்டாமையைக் காட்டி மறுப்பது குற்றம். அங்கே முதல் குரல் வார்டனுடையதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனைத் தனியாக அனுப்பி அவமானப்பட வைக்கக்கூடாது.

தண்டனையாக முடியைக் கத்தரிப்பது இன்னும் மோசம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. குழந்தைகள் இல்லங்களுக்கு 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் குழந்தையின் கண்ணியத்தை அடிப்படைக் கொள்கையாக வைத்திருக்கிறது. இந்தியா 1992-ல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு, குடும்பத்தைப் பிரிந்த குழந்தையின் பண்பாட்டுப் பின்னணியைக் கவனிக்கச் சொல்கிறது. இங்கிலாந்தின் 1989 குழந்தைகள் சட்டமும் அதையே கேட்கிறது. கறுப்பினப் பிள்ளைகளின் சுருள்முடியைப் பராமரிக்கத் தெரியாத காப்பகங்கள் அங்கே விவாதமாவதற்கு அதுவே ஆதாரம்.

கேட்பது பெரிய திட்டமில்லை. ஆளுக்கொரு சீப்பு, வாரம் ஒரு நாள் தலைக்கு ஊற்றப் போதுமான தண்ணீர், சுற்றுவட்டாரத்து மகளிர் குழுவிலிருந்து சம்பளத்துக்கு வாரம் இரண்டு மாலை வருகிற ஒரு பெண். இதற்கென்று தனித்தொகை விடுதிச் செலவுக் கணக்கில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஜூனிலும் அக்காமார்தான் பார்த்துக்கொள்வார்கள்.